ராமன், லோகசுந்தரி, ஒரு கல்கத்தா குடித்தனம்

சர் சி.வி. ராமன் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தலைப்பாகை. நோபல் பரிசு. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். பள்ளிக்கூடத்தில் ஐந்து மார்க் கேள்வி. பி.காம் படித்துவிட்டு வங்கியில் சேர்ந்த எனக்கு அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை.

ஆனால் அவர் பத்து வருஷம் நம்ம ஆளு என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழர் என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. லெட்ஜர், தணிக்கை, பைல், டிரான்ஸ்பர் ஆர்டர் என்று 1907 முதல் 1917 வரை காலம் தள்ளிய அரசாங்க நிதித்துறை அதிகாரி அவர். கல்யாணமான கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸிலிருந்து கல்கத்தாவுக்குப் போனவர். அப்புறம் ரங்கூன், நாக்பூர், மறுபடி கல்கத்தா. ஊர்ப் பெயர்களை மாற்றிப் போட்டால் நம்மில் பாதிப் பேர் வீட்டுக் கதை இதுதானே!

ராமனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது அவரோடு வந்த பெண்ணைப் பற்றியும், இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டிய முதல் பத்து வருஷக் குடித்தனத்தைப் பற்றியும்தான். எங்களுக்கும் முதல் குடித்தனம் கல்கத்தாதான். 2007இல், அதாவது அவர்களுக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, லேக் மார்க்கெட் பக்கம் ஒற்றைப் படுக்கையறை வீடு. அந்தப் பாசத்தில் ஆரம்பித்த வாசிப்பு, இப்போது நாக்பூரில் உட்கார்ந்து எழுதுவதில் வந்து நிற்கிறது. சொந்தக் கொசுவத்தியை அதிகம் சுற்றாமல் கதைக்குப் போகிறேன்.

*

முதலில் மாப்பிள்ளையைப் பார்ப்போம். ராமன் 1888 நவம்பர் 7ஆம் தேதி திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் பிறகு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் ஆனார். கணிதமும் இயற்பியலும் சொல்லித்தருவார், வீட்டில் வயலின் வாசிப்பார். பையன் படு சூட்டிகை. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ., 1907இல் எம்.ஏ. இரண்டிலும் முதல் இடம்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பையனுக்கு ஒரே வழிதான். கப்பலேறி இங்கிலாந்து போய் ஐ.சி.எஸ். எழுத வேண்டும். ஆனால் சென்னையில் அவரைச் சோதித்த சிவில் சர்ஜன், இந்த ஒல்லி உடம்பு இங்கிலாந்துக் குளிரைத் தாங்காது என்று எழுதிவிட்டார். பிறகு என்ன? இந்தியாவிலேயே எழுதக்கூடியதாக இருந்தது நிதித்துறைத் தேர்வு. இன்றைய ஐ.ஏ.ஏ.எஸ்.ஸுக்கு முன்னோடி. அண்ணன் சுப்ரமணிய ஐயர் ஏற்கெனவே அதே துறையில் இருந்தார். (இந்த அண்ணனின் மகன்தான் 1983இல் நோபல் வாங்கிய சந்திரசேகர்.) இயற்பியல் படித்த பையன் பொருளாதாரம், வரலாறு எல்லாம் உருப்போட்டு 1907 பிப்ரவரியில் தேர்வு எழுதி, அதிலும் முதல் இடம். வங்கித் தேர்வுக்கு நாலு தடவை உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம் :-)

வேலை உறுதியானதும் அடுத்து கல்யாணம். இங்கேதான் கதை நாம் எதிர்பார்க்கிற மாதிரி போகவில்லை.

*

1907இல் ஒரு தமிழ் பிராமணக் குடும்பத்தில், அரசாங்க அதிகாரி ஆகப்போகும் பையனுக்குச் சந்தை மதிப்பு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாதகம் பார்த்து, வரதட்சிணை பேசி, பெரியவர்கள் முடிவு செய்வார்கள். பையன் தாலி கட்டும்போதுதான் பெண்ணின் முகத்தைப் பார்ப்பான்.

ராமன் தன் கல்யாணத்தைத் தானே முடிவு செய்தார். சென்னையில் தெரிந்தவர் வீட்டுக்குப் போனபோது ஒரு பெண் வீணை வாசித்துக்கொண்டிருந்தாள். பெயர் லோகசுந்தரி. அவளையே கட்டிக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அவர்களும் ஐயர்தான் என்றாலும் உட்பிரிவு வேறு. உறவில் முணுமுணுப்பு கிளம்பியது. வரதட்சிணை வாங்கவும் பையன் தயாராக இல்லை. சந்திரசேகர ஐயர் மகன் பக்கம் நின்றார். 1907 மே 6ஆம் தேதி கல்யாணம் நடந்தது.

மாப்பிள்ளைக்கு 18 வயது. பெண்ணுக்கு? அவர் பிறந்த ஆண்டு 1892 என்று இருக்கிறது. கணக்குப் போட்டால் 14 அல்லது 15. பதின்மூன்று என்று எழுதியவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். என் மகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. இதைத் தாண்டி ‘காதல் கல்யாணம், ஆஹா’ என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பெண்ணுக்குக் குறைந்தபட்சம் 14 என்று சொன்ன சாரதா சட்டமே 1929இல்தான் வந்தது. அந்தக் காலத்துக் கணக்கில் லோகசுந்தரி சின்ன வயதுக்காரி இல்லை, கொஞ்சம் தாமதம் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். அது அந்தக் காலத்து நிலவரம். அது சரி என்று நான் சொல்ல வரவில்லை.

இந்தக் கல்யாணத்தைப் பற்றி லோகசுந்தரி அம்மாளே பின்னாளில் ஒரு கிண்டல் செய்திருக்கிறார். தன் வீணையில் மயங்கி அவர் கட்டிக்கொண்டாரா, இல்லை கல்யாணமான அதிகாரிக்கு நிதித்துறை கொடுத்த கூடுதல் படிக்காகக் கட்டிக்கொண்டாரா என்பது தெரியவில்லை என்ற மாதிரி! அந்தப் படி மாதம் 150 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

தங்கமணியிடம் இதைப் படித்துக் காட்டினேன். “ஏங்க, இது கிண்டல் மட்டும் இல்லீங்க. புருஷனை இப்படி வெளியில கேலி பண்ணணும்னா அந்த வீட்டுல அவங்களுக்கு ஒரு இடம் இருந்திருக்கணும்” என்றாள். எனக்கு இது தோன்றவில்லை. சரியாகத்தான் சொல்கிறாள்.

*

1907 ஜூனில் ராமன் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். கல்கத்தா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரம். 1905இல் கர்சன் வங்காளத்தைப் பிரித்ததை எதிர்த்து ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். சுதேசி இயக்கம், அந்நியத் துணி பகிஷ்காரம், கூட்டங்கள், ஊர்வலங்கள்.

சென்னையிலிருந்து கடலோரமாகவே போகும் ரயில்பாதை அப்போது புதுசு. கோதாவரியின் மேல் பாலம் 1900இல்தான் ரயிலுக்குத் திறந்தது. அதற்கு முன்னால் கல்கத்தா போவதென்றால் கப்பல் அல்லது ஊரைச் சுற்றிக்கொண்டு பம்பாய்ப் பக்கமாக ரயில். ஹவுராவில் இன்றைக்கும் நாம் பார்க்கிற சிவப்புச் செங்கல் ஸ்டேஷன் 1905இல் திறந்தது. இப்போதுள்ள பெரிய இரும்புப் பாலம் கிடையாது, அது 1943. ஹூக்ளியின் மேல் மிதவைப் பாலம்தான். கப்பல் போவதற்காக அதை நடுவில் திறந்து விடுவார்கள். டிராம் மட்டும் 1902லேயே மின்சாரத்துக்கு மாறிவிட்டது.

லேக் மார்க்கெட்டில் காலையில் வாழை இலையும் முருங்கைக்காயும் வாங்கிப் பழகிய நமக்கு, அந்த 1907 கல்கத்தாவைக் கற்பனை செய்வது கஷ்டம். தென்கல்கத்தாவில் தமிழர்கள் கூட்டமாகக் குடியேறியதெல்லாம் பின்னால் நடந்தது. இவர்கள் வீடு வைத்தது பௌபஜார் பக்கம் ஸ்காட்ஸ் லேன் என்ற சந்தில். சுற்றிலும் வங்காளிகள். புரியாத பாஷை. தெருமுனையில் மீன் வாசனை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு மாமியார் துணைகூட இல்லாத தனிக் குடித்தனம்.

கொஞ்ச நாளிலேயே ராமன் டிராமில் ஆபீசுக்குப் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தார். ‘அறிவியல் வளர்ப்புக்கான இந்தியச் சங்கம்’. 1876இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கியது. இந்தியர்கள் தங்கள் பணத்தில், தங்கள் கையால் ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்பது அவர் கனவு. ஊர் ஊராய் நன்கொடை வாங்கிக் கட்டிடம், கருவிகள் எல்லாம் சேர்த்தார். ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் வரவில்லை. அந்த ஏமாற்றத்தோடேயே 1904இல் காலமாகிவிட்டார். மூன்று வருஷம் கழித்து டிராமிலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டியவர் ராமன். கதவைத் திறந்த ஆசுதோஷ் டே என்ற ஆசு பாபு, பின்னால் பல வருஷம் அவருக்கு வலது கையாக இருந்தார். மகேந்திரலாலின் மகன் அம்ரிதலால் சர்க்கார்தான் அப்போது செயலாளர். எப்போது வேண்டுமானாலும் வந்து வேலை செய்துகொள்ளுங்கள் என்று சாவியைக் கொடுக்காத குறையாகச் சொல்லிவிட்டார்.

சம்பளம்? ஒரு பைசா கிடையாது. ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் செய்துகொள்ள வேண்டியதுதான்.

*

அந்த மீதி நேரம் எவ்வளவு என்பதை லோகசுந்தரி அம்மாளே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். (வங்கிக்காரன் புத்தி!)

காலை 5.30க்குச் சங்கத்துக்குக் கிளம்பிவிடுவார். 9.45க்கு வீட்டுக்கு வந்து, அவசரமாகக் குளித்து, சாப்பாட்டை விழுங்கி, நேரமாகிவிட்டது என்று வண்டி பிடித்து ஆபீஸ். மாலை 5 மணிக்கு ஆபீசிலிருந்து நேராகச் சங்கம். வீடு திரும்ப 9.30 அல்லது 10. ஞாயிற்றுக்கிழமை? முழு நாளும் சங்கம்.

காலையில் நாலேகால் மணி நேரம், மாலையில் நாலரை மணி நேரம். தினமும் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆராய்ச்சி. நடுவில் முழு நேர உத்தியோகம். அதாவது ஆபீஸ் வேலைதான் இவருக்குப் பகுதிநேரம் மாதிரி. இந்த அட்டவணையில் வந்த முதல் கட்டுரை, முனைவாக்கப்பட்ட ஒளியில் நியூட்டன் வளையங்கள் பற்றியது, 1907லேயே ‘நேச்சர்’ இதழில் வெளியானது. 1912இல் கர்சன் பரிசு, 1913இல் உட்பர்ன் பதக்கம் எல்லாம் இப்படிச் செய்த வேலைக்குத்தான்.

ராமன் பக்கமிருந்து பார்த்தால் இது ஒரு சாதனைக் கதை. பேரேட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா? அந்த அட்டவணையில் லோகசுந்தரிக்குக் கிடைத்தது, காலையில் சாப்பாடு விழுங்குகிற அந்தக் கொஞ்ச நேரமும் இரவு பத்து மணிக்கு மேலும்தான். விடியற்காலை ஐந்தரைக்கு அவர் கிளம்ப வேண்டுமென்றால் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? 9.45க்கு வந்தவுடன் சூடாகச் சாப்பாடு இலையில் விழ வேண்டுமென்றால் அடுப்பு எப்போது பற்றியிருக்க வேண்டும்? ‘நேச்சர்’ கட்டுரைகளில் இந்த வேலைக்கு நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது.

நாமும் இதைத்தான் செய்கிறோம். கிளை மேலாளர் ஆனால் மார்ச் மாதம் வீடு என்பது தூங்குகிற இடம் மட்டும். பெயர் ‘குடும்பத்துக்காக உழைக்கிறேன்’. ஆகவே ராமனைக் குற்றம் சொல்ல நான் தகுதியானவன் இல்லை. ஆனால் அந்தப் பதினைந்து வயதுப் பெண் எப்படி உடையாமல் இருந்தாள் என்பதுதான் எனக்கு நியூட்டன் வளையங்களை விடப் பெரிய ஆராய்ச்சியாகத் தெரிகிறது.

*

அதற்கு ஒரு சின்னத் தடயம் கிடைக்கிறது. ஒரு வதந்தி வடிவில்.

கல்கத்தாவுக்கு வந்த புதிதில், இந்தத் தம்பதி மதம் மாறிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. காரணம், இரண்டு பேரும் அடிக்கடி செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்குப் போனார்கள். டல்ஹௌசி சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கோவில் அது. 1787இல் திறந்தது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறை அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. மெட்ராஸிலிருந்து வந்த ஐயர் வீட்டு இளஞ்ஜோடி அங்கே போய் வந்தால் ஊர் சும்மா இருக்குமா?

அவர்கள் போனதற்குக் காரணம் வேறு. லோகசுந்தரிக்கு அங்கே கேட்கும் இசை பிடித்துவிட்டது. ராமனுக்கு அந்தக் கட்டிடத்துக்குள் ஒலி எப்படிப் பரவுகிறது, எப்படித் திரும்புகிறது என்பதில் ஆர்வம்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் பாட்டைக் கேட்கிறாள், அவர் சுவரைக் கேட்கிறார். இவளுக்கு ஒலியியல் தெரியாது என்று அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று இவள் வீட்டிலேயே இருந்துவிடவும் இல்லை. வதந்தி வந்ததும் பயந்து நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே நம் வரைக்கும் வந்திருக்காது.

இசை அந்த வீட்டில் சும்மா பொழுதுபோக்காக இருக்கவில்லை என்பதற்கு ராமனின் கட்டுரைகளே சாட்சி. 1909இல் வங்காளத்து பவுல் பாடகர்கள் கையில் வைத்திருக்கும் ஒற்றைத் தந்தி ஏக்தாராவைப் பற்றி எழுதினார். 1918இல் வயலின் போன்ற வில் வாத்தியங்களின் அதிர்வு பற்றி ஒரு பெரிய நூல் அளவுக்கு எழுதினார். 1920இல் மிருதங்கம், தபலா. 1921இல் வீணையும் தம்புராவும்.

வீணைக் கட்டுரையைக் கொஞ்சம் விளக்குகிறேன், காமர்ஸ்காரனுக்குப் புரிந்த வரைக்கும். ஒரு தந்தியைக் குறிப்பிட்ட இடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேல்சுரங்கள் அந்த ஒலியில் கேட்கக் கூடாது. இது மேல்நாட்டு இயற்பியலில் ஒரு விதி. வீணையிலும் தம்புராவிலும் அது பொய்த்துப்போகிறது, கேட்கக் கூடாத சுரங்கள் பளிச்சென்று கேட்கின்றன என்று ராமன் காட்டினார். காரணம் குதிரையின் மேல்பரப்பு. வீணைக் குதிரை கூர்மையாக இல்லாமல் மெல்ல வளைந்து இருக்கும். தந்தி அதிரும்போது அந்த வளைவை உரசி உரசி எழும்பும். தம்புராவில் அதே வேலையைக் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் செருகும் ஜீவா நூல் செய்கிறது. நம் வாத்தியங்களைச் செய்த ஆசாரிகள் காதால் கண்டுபிடித்ததை இவர் கணக்கால் சொன்னார்.

வீட்டில் மனைவி வீணை வாசித்ததால்தான் இந்த ஆராய்ச்சி பிறந்தது என்று நான் கட்டிவிட மாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. அப்பாவின் வயலினையும் கேட்டு வளர்ந்தவர் அவர். ஆனால் வீணை கேட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர், பதினாலு வருஷம் கழித்து அந்த வீணையின் குதிரையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நமக்கெல்லாம் பதினாலு வருஷத்தில் பெண் பார்த்த அன்று மனைவி என்ன பாட்டுப் பாடினாள் என்பதே மறந்துபோயிருக்கும் :-)

*

இப்போது நமக்கு நன்றாகப் புரிகிற விஷயத்துக்கு வருவோம். டிரான்ஸ்பர்!

1909இல் ரங்கூன். பதவியின் பெயர் கரன்சி ஆபீசர். ரிசர்வ் வங்கி 1935இல்தான் வந்தது. அதற்கு முன்னால் 1861ஆம் வருஷச் சட்டப்படி நோட்டு வெளியிட்டது அரசாங்கம்தான். நாட்டை வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கரன்சி அலுவலகம். நோட்டைக் கொண்டுவந்து நீட்டினால் வெள்ளி ரூபாயை எண்ணிக் கொடுக்க வேண்டும். கிழிந்தது, கரிந்தது எல்லாம் பார்த்து மாற்ற வேண்டும். கையிருப்புக்கு அதிகாரிதான் பொறுப்பு. கரன்சி செஸ்ட் பொறுப்பில் இருந்தவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். இருபது வயதில் இந்தப் பொறுப்பு. ரங்கூனில் சங்கமும் இல்லை, ஆசு பாபுவும் இல்லை.

போய்ச் சில மாதத்தில் அப்பா உடம்பு மோசமாகி ராமன் சென்னைக்குத் திரும்ப வேண்டி வந்தது. தன் கல்யாணத்துக்குத் துணை நின்ற அப்பா காலமாகிவிட்டார். காரியங்கள் முடிந்து மறுபடி ரங்கூன். போன சூட்டோடு 1910இல் நாக்பூர். ஒரு வருஷம் முடிவதற்குள் 1911இல் மறுபடி கல்கத்தா, இந்தத் தடவை பதவி உயர்வோடு. ரங்கூனிலும் நாக்பூரிலும் வீட்டிலேயே கருவிகளை வைத்து ஆராய்ச்சி நடத்தினாராம். வீட்டிலேயே என்றால் யாருடைய கூடத்தில், யாருடைய சமையலறைக்குப் பக்கத்தில் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்யாணமாகி நாலே வருஷத்தில் கல்கத்தா, ரங்கூன், நாக்பூர், கல்கத்தா. நடுவில் கடல் பயணம், ஒரு சாவு. லோகசுந்தரிக்கு இதெல்லாம் முடிந்தபோது இருபது வயதுகூட ஆகவில்லை. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் இல்லை, வாட்ஸ்அப்பில் அம்மா முகம் பார்க்க வழியில்லை. ஒவ்வொரு ஊரிலும் பால்காரர், தண்ணீர், அடுப்பு, பாஷை என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நம் ஆர்டரில் அதிகாரியின் பெயர் மட்டும்தான் இருக்கும். மாற்றலாவது இரண்டு பேர்.

இரண்டாம் தடவை கல்கத்தா வந்தபோது ராமன் ஒரு காரியம் செய்தார். சங்கத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்தார். நினைத்த நேரத்தில் ஆய்வுக்கூடத்துக்குப் போகலாம் என்பதுதான் நோக்கம். ஆனாலும் நினைத்த நேரத்தில் வீட்டுக்கு வரவும் முடியும் அல்லவா! பக்கத்து வீடு என்பதன் அருமை மும்பை லோக்கல் ரயிலில் தொங்குகிறவர்களுக்குத்தான் தெரியும்.

*

அடுத்து வருவதுதான் அந்த வீட்டின் பெரிய பரீட்சை.

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி, பாரிஸ்டர் தாரக்நாத் பாலித் கொடுத்த பெரும் நன்கொடையில் ஒரு இயற்பியல் பேராசிரியர் பதவியை உருவாக்கினார். அதற்கு அவர் கண்ணில் பட்டவர் இந்தக் கணக்கு அதிகாரி. வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வர வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. ராமன் அதெல்லாம் முடியாது என்றார். நிபந்தனையைத் தளர்த்தினார்கள்.

மிச்சம் இருந்தது சம்பளம். நிதித்துறையில் அப்போது அவருக்கு மாதம் 1,100 ரூபாய். பேராசிரியர் பதவியில் 600. நாற்பத்தைந்து சதவீத வெட்டு! இது போக அரசாங்க உத்தியோகத்தின் ஓய்வூதியம், அந்தஸ்து, மேலே மேலே போகும் வாய்ப்பு. இந்தியர் ஒருவர் அந்தத் துறையில் எட்டக்கூடிய உச்சிக்கு அவர் போவார் என்று மேலதிகாரிகளே நினைத்த காலம் அது. எதிர்ப்பக்கம், கல்லூரி ஆசிரியர் வேலை. வயது 28.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் ஒரு நாள் சாயங்காலம் வந்து, “வங்கி வேலையை விடப்போறேன், பாதிச் சம்பளம்தான் வரும், ஆனா எனக்குப் பிடிச்ச வேலை” என்று சொன்னால் என்ன நடக்கும்? முதலில் மாமனாருக்குப் போன் போகும். அப்புறம் ஊரிலிருந்து சித்தப்பா வருவார்.

ராமன் 1917இல் வேலையை விட்டார். லோகசுந்தரி தடுத்ததாக நான் படித்த எதிலும் இல்லை. பத்து வருஷமாக அந்த வீட்டின் பட்ஜெட் அவர் கையில்தான் ஓடியிருக்க வேண்டும். 1,100 ரூபாய் வீட்டை 600 ரூபாய் வீடாக மாற்றியதும் அவர்தான். 500 ரூபாய் எங்கே குறைந்தது என்பது எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் வராது. ஆனால் அந்த 500 குறையாமல் இருந்திருந்தால், 1921 கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அதை ஆராய ஒரு பேராசிரியர் இருந்திருக்க மாட்டார். 1928 பிப்ரவரி 28ம் வந்திருக்காது. ஒரு நல்ல கணக்கு அதிகாரி ஓய்வு பெற்றுச் சென்னையில் வீடு கட்டியிருப்பார்.

*

இது சந்தோஷமான கல்யாணமா என்று யாராவது கேட்கலாம். பதில் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஆனால் பூசி மெழுகவும் விருப்பம் இல்லை. ராமன் முன்கோபி. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராகப் போய், மோதல்களில் சிக்கி, 1937இல் அந்தப் பதவியை விட்டார். அந்த மாதிரி மனிதரோடு வாழ்வது சுலபமாக இருந்திருக்காது. 1907இலிருந்து 1970 நவம்பரில் அவர் காலமாகும் வரை 63 வருஷம். லோகசுந்தரி அம்மாள் அதற்குப் பிறகும் பத்து வருஷம் இருந்தார். இரண்டு மகன்கள். இளையவர் ராதாகிருஷ்ணன் 1929இல் பிறந்து வானொலி வானியலில் பெயர் பெற்றவர்.

சந்தோஷம் என்பதை நான் இப்படிப் பார்க்கிறேன். அவள் கிண்டல் செய்ய முடிந்தது. இரண்டு பேரும் ஊர்ப்பேச்சைப் பொருட்படுத்தாமல் பாட்டுக் கேட்கப் போக முடிந்தது. வருமானம் பாதியானபோது வீடு உடையவில்லை. 1930இல் நோபல் அறிவிப்பு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே, நவம்பரில் அறிவிப்பார்கள், டிசம்பருக்குள் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர வேண்டும் என்று ராமன் கப்பல் டிக்கெட் எடுத்துவைத்துவிட்டார். அந்த அசட்டுத் துணிச்சலைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நான் கவனித்தது டிக்கெட்டின் எண்ணிக்கையை. இரண்டு. தனக்கு ஒன்று, லோகசுந்தரிக்கு ஒன்று.

கல்கத்தாவில் இருக்கிறவர்கள், போகிறவர்கள் ஒரு தடவை பௌபஜார் தெருப் பக்கம் போய்ப் பாருங்கள். இப்போது அதற்கு விபின் பிஹாரி கங்குலி தெரு என்று பெயர். 210ஆம் எண்ணில் சங்கத்தின் பழைய கட்டிடம் கிடையாது. சங்கம் ஜாதவ்பூருக்கு எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் இருப்பது கோயங்கா வணிகவியல் கல்லூரி. ஆமாம், காமர்ஸ் காலேஜ்! அக்கவுண்டன்சி வகுப்பு நடக்கிற இடத்தில்தான் ஒரு அக்கவுண்டன்ட் இயற்பியல் செய்தார். செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் அப்படியே இருக்கிறது, உள்ளே போய்ச் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். ராமனின் ஒவ்வொரு கட்டுரைக்கும் தேதி இருக்கிறது, பக்க எண் இருக்கிறது. லோகசுந்தரியின் கல்கத்தா வருஷங்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஒரு கிண்டல், ஒரு வதந்தி, ஒரு அட்டவணை. அதுவும் யாரோ அவரிடம் கேட்டதால் கிடைத்தது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் ஜாம்ஷெட்பூரிலும், பிலாயிலும், மாட்டுங்காவிலும், கரோல்பாகிலும் முதல் குடித்தனம் வைத்தவர்கள்தான். முதல் நாள் என்ன சமைத்தார்கள், பாஷை தெரியாமல் எப்படிச் சாமான் வாங்கினார்கள், எந்த மாதம் சம்பளம் பற்றவில்லை என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதியும் போடுங்கள்.